போகாத சிவப்புப் பட்டை

பெங்களூரில் பத்து வருடம் கால்சென்டரில் வேலை பார்த்தேன். கணவருக்கு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை கிடைத்ததும் ஏற்காட்டு மலையில் இருக்கும் தலைச்சோலைக்கு வந்துவிட்டோம். பிள்ளைகள் காலையில் பஸ் ஏறிப் போய்விட்டால் வீட்டில் நானும் லேப்டாப்பும்தான். சும்மா இருக்க எனக்கு வராது. அலமாரியை அடுக்குவேன், கலைப்பேன், மறுபடி அடுக்குவேன். மூன்றாவது மாதம் அந்த அலமாரியைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது.

ஏற்காட்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் தோழி மலைக்காரர்களுக்காக ஒரு வலைப்பூ நடத்திவந்தாள். என்றைக்குக் கரண்ட் இருக்காது, எந்த பஸ் நின்றுபோனது, கண் டாக்டர் எந்தக் கிழமை வருகிறார், இப்படி. மழைக்காலத்தில் அடிவாரம் போகும் ரோட்டில் பாறை சரிந்து பாதையை மூடிவிட்டால் அதையும் எழுதுவாள். ஆனால் மேலே புதிதாக இரண்டு செய்தி ஏறியதும் அது கண்ணில் படாமல் போய்விடும். ரோடு மூடிய செய்தி மட்டும் எல்லாப் பக்கத்திலும் உச்சியில் சிவப்பாக நிற்க வேண்டும், ஒரு பட்டனைத் தட்டினால் போய்விட வேண்டும் என்றாள். வலைப்பூவை இயக்கும் மென்பொருளோடு இப்படிக் கூடுதல் வேலைகளைச் சேர்க்க நாமே எழுதிப்போடும் துணுக்குக்குப் பிளகின் என்று பெயர்.

"நீங்க கம்ப்யூட்டர்ல இருந்தவங்கதானுங்களே, செஞ்சு குடுங்க" என்றாள். பத்து வருடமும் நான் போனில்தான் இருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

வீடியோக்களைப் பார்த்துப் படித்தேன். ஒரு ஃபைலின் தலையில் பெயர் எழுதி, அதற்குரிய ஃபோல்டரில் போட்டால் போதும், மென்பொருள் அதைப் பிளகின் என்று ஏற்றுக்கொள்கிறது. இது எளிதாகத்தான் இருந்தது. அதற்கடுத்ததுதான் மண்டைக்குள் ஏறவில்லை. பக்கத்தைத் தயாரிக்கும்போது மென்பொருள் அங்கங்கே நின்று, இந்த இடத்தில் யாராவது ஏதாவது செய்யவேண்டுமா என்று கேட்டுக்கொண்டே போகிறது. அந்த இடங்களில் நம் வேலையை மாட்டிவிட வேண்டும். இதைப் புரிந்துகொள்ள இரண்டு வாரம் ஆனது. புரிந்த அன்று வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அடுப்பில் பருப்பு தீய்ந்துகொண்டிருந்தது மூக்குக்கு எட்டவே இல்லை.

பொறுமை இல்லாததால் என் லேப்டாப்பில் சோதித்துப் பார்க்காமல் நேரே தோழியின் வலைப்பூவிலேயே போட்டேன். எங்கோ ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. வலைப்பூ முழுக்க வெறும் வெள்ளையாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட்டும் போனது. பனிக்குள் ரோட்டு வளைவுவரை ஓடி, போனில் சிக்னல் பிடித்து, மென்பொருளின் கண்ணில் படாதபடி பிளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றினேன். பக்கம் திரும்பி வந்தது. தோழி கடையில் கூட்டமாக இருந்ததால் கவனிக்கவில்லை. நானும் வாய் திறக்காமல் அரைப்புள்ளியைச் சேர்த்து மறுபடி ஏற்றினேன்.

ஐப்பசி மழையில் ரோடு மூடியது. சிவப்புப் பட்டை ஏறியது. அன்று எத்தனை முறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன் என்று கணக்கில்லை. மறுநாள் மதியம் பாறையை அகற்றிவிட்டார்கள். தோழி பட்டனைத் தட்டினாள். என் திரையில் பட்டை போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து, இரவில், மலையில் இன்னொரு ஊரான வாழவந்தியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மருந்துக்கடையில் என் நம்பரைக் கேட்டு வாங்கியிருந்தார்.

"ஏனுங்க, ரோடு தொறந்து ரெண்டு நாளாச்சாமா. உங்க செவப்பு இன்னும் போகலீங்களே."

போய்விட்டதே என்றேன். லேப்டாப்பைத் திறந்து மறுபடியும் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"உங்களுக்குப் போயிருக்குமுங்க. எனக்கு இருக்குது" என்றார். போன் திரையைப் படமெடுத்து அனுப்பினார். சிவப்பாக இருந்தது.

அன்று காலை அவர் தன் அம்மாவை டயாலிசிஸுக்காகச் சேலம் அழைத்துப்போயிருக்கிறார். பட்டையை நம்பிக் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போனதில் நேரமாகிவிட்டது. அவர்களுடைய முறையில் வேறொருவரைப் படுக்கவைத்துவிட்டார்கள். கால் வீங்கிய அம்மா சாயங்காலம்வரை பெஞ்சில் காத்திருந்திருக்கிறார். சத்தம் போட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் நடந்ததை மட்டும் சொன்னார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. பக்கம் வேகமாகத் திறப்பதற்காக வலைப்பூ ஒவ்வொரு பக்கத்துக்கும் நகல் எடுத்துவைத்து, வருகிறவர்களுக்கு அந்த நகலைக் காட்டிக்கொண்டிருந்தது. ரோடு மூடிய செய்தியை எழுதியபோது நகல்கள் புதிதாகிச் சிவப்பு ஏறியது; பட்டனைத் தட்டியதற்கு அவை மாறவில்லை. பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைந்து வேலை செய்கிற எனக்கும் தோழிக்கும் மட்டும்தான் புதிய பக்கம். நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்த அந்த இரண்டு நாளும் மலை முழுக்கப் பழைய சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டனைத் தட்டியதும் நகல்களும் அழியும்படி எழுதினேன்.

அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. கணவரின் வண்டியை எடுத்துக்கொண்டு வாழவந்திக்குப் போனேன். அவருடைய அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"இப்பப் போயிருச்சா கண்ணு?" என்று கேட்டார்.

போய்விட்டது என்று சொல்லிக்கொண்டே மகனின் போனை வாங்கிப் பார்த்தேன். போயிருந்தது. ஆனாலும் ஒருமுறை மூடித் திறந்து பார்த்தேன். அப்போதுதான் மகன் சொன்னார்: "எத்தன மணிக்குப் போட்டதுன்னு அதுலயே எழுதிருங்க. பழசா இருந்தா நாங்களே விசாரிச்சுக்கறோம்."

அவ்வளவு வீடியோ பார்த்தும் எனக்குத் தோன்றாத விஷயம் அது. அன்றே நேரத்தைச் சேர்த்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குச் சோதனை என்று எழுதிப் பட்டையைப் போட்டுவிட்டு, என்ன தெரிகிறது என்று அவரிடம் கேட்டேன். விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்துவிட்டீர்களா என்று கேட்டார். வலைப்பூ இருக்கும் சர்வரின் கடிகாரம் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுவது அப்படித்தான் தெரிந்தது.

கார்த்திகையில் மறுபடியும் ரோடு மூடி, அரை நாளில் திறந்தது. பட்டை சரியான நேரத்தோடு வந்தது, சரியாகப் போனது. அந்த வாரம் அம்மாவும் மகனும் நேர்வழியிலேயே போய் முறைக்கு முன்பே சேர்ந்துவிட்டார்கள். வேறொரு மலையூரில் வலைப்பூ நடத்துகிறவர் அந்தப் பிளகினைக் கேட்டு எழுதியிருந்தார். மூன்று வாரம் இழுத்தடித்து, திரும்பத் திரும்பச் சோதித்த பிறகே அனுப்பினேன். அனுப்பியதிலிருந்து, நான் போயே பார்க்காத அந்த ஊரில் மழை பெய்கிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.