மருமகன் வென்ற போர்

1998 மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை. ஹொல்ஸ்டெப்ரோவில் காலையிலிருந்து மழையும் பனியும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அப்பா வாரத்து உடுப்புகளை இயந்திரத்தில் போடுவார். அம்மா இறைச்சிக் குழம்பை அடுப்பில் ஏற்றுவார். நான் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் சாப்பாட்டுக் கோப்பைகளை வைப்பேன். மதியம் மாமா வருவார். அன்றும் வந்தார். வரமாட்டார் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். மணிச் சத்தம் கேட்டதும் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டார்.

மாமா, அம்மாவின் தமையன். எங்கள் எல்லோருக்கும் முன்னதாக டென்மார்க்குக்கு வந்தவர். கொழும்பில் அறையொன்றில் ஒளிந்திருந்த என் அண்ணாவை இங்கே கூப்பிட்டு, ஹேர்னிங்கில் தான் வேலை செய்த துணி ஆலையிலேயே வேலையும் எடுத்துக் கொடுத்து, கடைசியில் தன் ஒரே மகளையும் கட்டிக் கொடுத்தவர். அண்ணாவும் மச்சாளும் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டு மேல்மாடியில் இருந்தார்கள்.

அன்று பின்னேரம் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் பொதுக்கூட்டம். சங்கம் தொடங்கிய நாள்முதல் மாமாதான் தலைவர். நகரசபைக்கு மொழிபெயர்க்கப் போவதும் அவர். பொங்கலுக்கு மண்டபம் எடுப்பதும் அவர். சங்கத்து அலுமாரித் திறப்பு இருப்பதும் அவருடைய காற்சட்டைப் பையில். விளையாட ஒரு கரம் பலகையை வெளியே எடுக்கவும் அவருக்கு ஃபோன் பண்ணவேண்டும் என்பது இளம் ஆட்களின் நெடுநாள் முறைப்பாடு. அவர்கள் ஒருநாள் கூட்டமாக வந்து அண்ணாவைத் தலைவராக நிற்கும்படி கேட்டார்கள். அண்ணா முதலில் மறுத்தார். பிறகு மறுக்கவில்லை. சங்கத்தில் முதல்முறையாக வாக்கெடுப்பு என்று முடிவாயிற்று.

சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட ஒருவரையும் கேட்காமல் எட்டி எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. சும்மா இருக்கத் தெரியாத வயது. வெள்ளிக்கிழமை வகுப்பில் கேட்ட கதையைச் சொல்லத் தொடங்கினேன்.

அயர்லாந்தில் பொய்ன் என்ற ஆற்றங்கரையில் இரண்டு அரசர்கள் ஒரே முடிக்காகப் போரிட்டார்கள். டென்மார்க் அரசரும் தன் படையை ஒருவருக்குக் கூலிக்கு விட்டிருந்தார். அதனால்தான் அந்தப் போர் எங்கள் பாடத்தில் வந்தது. ஒரு அரசர் மற்றவருக்குத் தாய்மாமன். மாமனார் முறையும் அவர்தான். இதை ஆசிரியை சொன்னபோது வகுப்பே முகத்தைச் சுளித்தது. மாமன் மகளைக் கட்டுவதா என்று பின்வரிசையில் ஒருவன் வாந்தியெடுப்பதுபோல நடித்தும் காட்டினான். எனக்கு மட்டும் அதில் விளங்காதது ஒன்றும் இருக்கவில்லை. டென்மார்க்கில் படித்த பாடங்களுள் எங்கள் வீட்டு ஆட்கள் வந்த முதல் பாடம் அதுதான்.

"எங்கட வீட்டைப் போலவே, மாமா!" என்று முடித்தேன்.

அண்ணா குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாதான் கேட்டார். "ஆர் வெண்டது, பிள்ளை?"

"மருமகன்."

"அதுசரி. மாமன்காரன் என்ன செய்தவராம்?"

"தோக்கப் போறார் எண்டு தெரிஞ்ச உடன, தன்ர ஆக்களையும் விட்டிட்டுக் குதிரையில ஏறி ஓடிட்டார். பிரான்சுக்கு."

"சோத்தைத் தின்னடி பேசாமல்" என்றார் அண்ணா.

மாமா சிரித்தார். "விடு தம்பி, பிள்ளை படிச்சதைத்தானே சொல்லுது. எனக்கு ஓட குதிரையும் இல்லை. இருக்கிறது ஒரு பழைய டொயோட்டா. அதுவும் இந்தக் குளிருக்கு ஸ்டார்ட் ஆகாது." பிறகு மகளைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு முகத்தில் இருந்தபடியே இருந்தது. "பின்னேரம் நீ ஆருக்கம்மா கை உயர்த்தப் போறாய்?"

மச்சாள் அவருடைய குவளையை நிரப்பினார். "தண்ணியைக் குடியுங்கோ அப்பா. கறி உறைச்சுப் போச்சு."

கோப்பைகள் கழுவும்போது மச்சாள் என் பக்கத்தில் வந்து நின்றார். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டுக் கேட்டார்.

"அந்த மகள் என்ன செய்தவள்?"

"எந்த மகள்?"

"அந்த மாமன்ர மகள். மருமகனைக் கட்டினவள்."

எனக்குத் தெரியவில்லை. ஆசிரியை அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"நாளைக்குக் கேட்டுக்கொண்டு வாறியே?"

"ஓம்" என்றேன். மச்சாளுக்கு வரலாற்றில் ஆர்வம் என்று பெருமையாக இருந்தது.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தின் உணவு மண்டபத்தில் நடந்தது. அப்பா வேலை என்று போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமையில் அவர் வேலைக்குப் போனதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அம்மா தேநீர் ஊற்றும் பொறுப்பை எடுத்துக்கொண்டு, மண்டபத்துக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். ஹேர்னிங்கிலிருந்து அழைத்திருந்த, இரு பக்கத்துக்கும் பொதுவான ஒரு மனிதர் கூட்டத்தை நடத்தினார். மாமாவும் அண்ணாவும் முன்மேசையில் இருந்தார்கள், நடுவில் ஒரு தண்ணீர்ப் போத்தல். மச்சாள் முன்வரிசையில், குழந்தையை இரண்டு கைகளாலும் அணைத்தபடி. நான் பக்கத்தில்.

முதலில் மாமாவின் பெயர். கைகள் உயர்ந்தன. எனக்கு நிறைய என்றுதான் பட்டது. மாமா அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. மச்சாளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாள் குழந்தையின் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். கைகள் அசையவில்லை.

மாமா எழும்பினார். திறப்புக் கோர்வையை எடுத்துத் தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். கதிரையில் கிடந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணை, இன்னும் எண்ணி முடியேல்லை. மற்றப் பக்கம் கை உயர்த்தவுமில்லை" என்றார் ஹேர்னிங்காரர்.

"எண்ணுங்கோ. எனக்கு எண்ணியாச்சு."

"கதிரையை வைச்சிட்டுப் போங்கோ அண்ணை, அது பள்ளிக்கூடத்துச் சாமான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இளம் ஆட்கள் சிரித்தார்கள். அண்ணா சிரிக்கவில்லை. மாமா கதவைத் திறந்தபோது ஈரக்காற்று உள்ளே வந்து மேசைக் கடதாசிகளைக் கலைத்தது. வெளியே டொயோட்டா இரண்டு தரம் இருமிவிட்டுக் கிளம்பியது. அந்தக் கதையில் உள்ளபடியே நடக்கிறது என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோசம்கூட வந்தது.

பிறகு அண்ணாவின் பெயர். மண்டபம் முழுக்கக் கைகள். நான் மச்சாளைப் பார்த்தேன். குழந்தையைச் சுற்றியிருந்த கைகள் அப்போதும் அப்படியே இருந்தன. அதைப் பார்க்க மாமா அங்கே இல்லை.

அதன்பிறகு மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. அடுத்த மாரிக் குளிருக்குள் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். கடைசிவரை அங்கேதான் இருந்தார். பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு அவரிடமிருந்து பொதி வரும். மச்சாளுக்கென்று அதில் ஒன்றும் இராது. அண்ணாவும் மச்சாளும் இதைப் பற்றிக் கதைத்தார்களோ, எனக்குத் தெரியாது. கூட்டம் நடந்த அன்று இரவு மேல்மாடியில் குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல், ஆசிரியையின் மேசைக்குப் போய்க் கேட்டேன். அவர் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டு போனார். ஆறு இருந்தது, குதிரைகள் இருந்தன, இரண்டு அரசர்களும் இருந்தார்கள். மகளைப் பற்றி இதில் ஒன்றும் போடவில்லையே என்றார். அப்படியென்றால் அவள் ஒன்றும் செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டேன். மச்சாளுக்குச் சொல்லப் பதில் கிடைத்துவிட்ட திருப்தியில் கோட்டைக் கழற்றி மாட்டினேன்.