தங்கக் கோடு போட்ட ஜீப்பு

நகைக்கடைக்காரர்கள் என்னிடம் வந்தால் தங்கம், நீலம், வெள்ளை என்றுதான் கேட்பார்கள். அவர்களுடைய விளம்பரப் பலகைகளை வடிவமைப்பது என் வேலை. வெள்ளையைத் தாராளமாக விடுங்கள், நீலத்தை அடியில் நிறுத்துங்கள், தங்கத்தைக் கோடாக மட்டும் வையுங்கள் என்று ரொம்பப் படித்தவள்போல எடுத்துவிடுவேன். அதையெல்லாம் போடிநாயக்கனூரில், மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், சித்தப்பாவின் ஜீப்பிலேயே நான் பார்த்தாயிற்று.

சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணமாகவில்லை. விடிவதற்கு முன்னால் கூலி வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போவார், சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவார். வண்டி நல்ல பச்சை நிறத்தில்தான் இருந்தது. சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு, அதற்குப் பெயிண்ட் அடித்தே தீருவேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

மேலே வெள்ளை, கீழே நீலம், இரண்டும் சேருகிற இடத்தில் விரலகலத்துக்குத் தங்கக் கோடு. வெள்ளை எந்த வம்பும் பண்ணவில்லை. நீலம்தான் பாடாய்ப் படுத்தியது. பெயிண்ட் கடைக்காரர் கொடுத்த நீலம் சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கறுப்பைக் கொஞ்சம் கலப்பார், தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். கோடு கோணாமல் இருக்க நான் காகிதப் பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, ஜீப்பைப் பொண்ணு பாக்க வர்றாகளோ?” என்றாள். சித்தப்பா நீலத்தில் இன்னும் ஒரு சொட்டுக் கறுப்பை விட்டார்.

திங்கட்கிழமை கெஞ்சிக் கூத்தாடி நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். ஊரே மூக்கில் விரலை வைக்கப் போவதை நேரில் பார்க்க வேண்டும் அல்லவா? டீக்கடைப் பக்கம் பெண்கள் தூக்குவாளியோடு நின்றிருந்தார்கள். எங்கள் வண்டி திரும்பியதுதான் தாமதம், “செக்கிங் வண்டிடீ, ஓடுங்க!” என்று ஒரு குரல். மொத்தக் கூட்டமும் சந்துக்குள் பாய்ந்துவிட்டது.

விடிந்தும் விடியாத அந்த மசங்கலில் தங்கக் கோடு தெரியவில்லை. நீலமும் வெள்ளையும்தான் தெரிந்தன. ஆள் அதிகம் என்று ஜீப்புகளை மடக்குகிற அதிகாரிகளின் வண்டியும் அதே நிறம். போன வாரம்தான் அவர்கள் அடிவாரத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டதில், அன்றைய கூலியில் மண் விழுந்திருந்தது.

“ஆத்தா, நான்தேன்! வெரசா வாங்க!” என்று சித்தப்பா தொண்டை கிழியக் கத்தினார். ஒருத்தரும் நம்பவில்லை. பக்கத்து ஜீப்புகள் நிரம்பிக் கிளம்பின. இன்னொரு நாள் லோடு பிந்தினால் டிரிப்பை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று தோட்டத்துக் கங்காணி ஏற்கெனவே சொல்லியிருந்தார். சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது ஒரு அக்கா மட்டும் சந்திலிருந்து வெளியே வந்தாள். கையிலிருந்த டார்ச்சை அடித்து வண்டியைச் சுற்றி வந்தாள். தங்கக் கோட்டின்மேல் வெளிச்சம் நின்றது. விரலால் அதைத் தொட்டுப் பார்த்தவள், சந்தைப் பார்த்து, “நம்ம வண்டிதேன், வாங்கடி!” என்றாள். அடித்துப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஏறினார்கள்.

கடைசியாக அவள் சித்தப்பாவின் பக்கம் வந்து, மெதுவான குரலில் சொன்னாள்: “திருவிழாவுக்குக் கட்டுன என் சேலைய அப்பிடியே வண்டிக்குச் சுத்தி விட்டிருக்கீகளே. எங்க ஆத்தா பாத்தா என்ன ஆகும்?”

பேச்சில் யாருக்கும் சளைக்காத சித்தப்பா, கியர் எங்கே இருக்கிறது என்று தேடினார்.

எனக்கோ கோபமான கோபம். வெயிலில் நின்று நானும் சேர்ந்து அடித்த பெயிண்ட். இவள் வந்து தன் சேலை என்கிறாளே! அவள் கட்டியிருந்ததோ சாயம் போன காவிச் சேலை, அதற்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு.

“அந்த அக்கா பொய் சொல்லுது சித்தப்பா,” என்றேன்.

அவர் வண்டியை எடுத்தார். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு, போடிமெட்டு வரைக்கும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்தார். டிரிப்பு தப்பித்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.