ஆட்டுக்கல் இருந்த குழி

காலையில் கிரைண்டரில் உளுந்து அரைபடும் வாசம் வந்தால் மற்றவர்களுக்கு இட்லி ஞாபகம் வரும். எனக்கு ஒரு குழிதான் ஞாபகம் வரும். திருப்பாதிரிப்புலியூர் வீட்டை விற்றபோது, அடுப்படித் தரையில் பதித்திருந்த, அரைத்து அரைத்து வழவழத்துப்போன ஆட்டுக்கல்லைப் பெயர்த்து வண்டியில் ஏற்றச் சொல்லி அம்மா எவ்வளவோ கெஞ்சியும், "தரையில பதிச்சது வாங்குனவங்களுக்குத்தான் சேரும், தோண்டி எடுத்தா ஊரு சிரிக்கும்" என்று அப்பா மறுத்துவிட்டார்.

சிதம்பரத்தில் வாங்கிய வீட்டின் இருட்டு அடுப்படிக்குள் வீரனாக முதலில் ஓடியவன் நான். ஆட்டுக்கல்லைத் தோண்டி எடுத்திருந்த குழிக்குள் முதலில் விழுந்தவனும் நான்தான். அம்மா என்னைத் தூக்கக்கூட இல்லை, குழியையே பார்த்தாள்.

"பாத்தீங்களா? இந்த வூட்ட வித்தவரு பொண்டாட்டி பேச்சக் கேட்டிருக்காரு."

அப்புறம் பக்கத்து வீட்டுக் கல்லில் அரைத்துச் சுட்ட இட்லிக்கெல்லாம், அப்பாவுக்குத் தொட்டுக்கொள்ள அந்தப் பேச்சுதான்.