பால் மறந்த நாட்கள்

என் மகள் மூன்று வயது முடிந்தும் பால் குடித்துக்கொண்டிருந்தாள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமொன்றும் இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள். அவள் கேட்டாள், நான் கொடுத்தேன். ஊராருக்கு என்ன வந்தது? எண்பதுகளின் தொடக்கம் அது. மலைமேல் தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கும் வேலை எனக்கு. நல்லதையும் சொத்தையையும் பிரித்துப் போட்டபடி உட்கார்ந்திருப்பேன். மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு அவள் பின்னால் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ம்மா, பாலு" என்பாள். மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வோம். குடித்துக்கொண்டே என் தாலிக் கயிற்றைத் திருகுவாள்.

அந்த வருஷம், வேலை செய்யும் இடத்துக்குக் குழந்தைகளைக் கூட்டி வரக் கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். பால்வாடியை விட்டால் வேறு வழியில்லை. போய்க் கேட்டேன். என் இடுப்பில் இருந்தவள் ஜாக்கெட்டைப் பிடித்து இழுப்பதை டீச்சரம்மா பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, இன்னும் பால் மறக்கடிக்கலீங்களா? இப்படியே உட்டுட்டுப் போனீங்கன்னா மத்தியானத்துல உங்களத் தேடி அழுதே ஏங்கிப் போயிருமுங்க. பத்து நாள்ல மறக்கடிச்சுட்டுக் கூட்டிட்டு வாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் சொன்னது சரிதான், அதனால்தான் அவ்வளவு கோபம்.

அந்தப் பத்து நாளும் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். மற்ற ஏற்பாடெல்லாம் சுலபமாக நடந்தது. தட்டும் டம்ளரும் வாங்கினோம். இரண்டு கவுன் தைத்தேன். தானே அள்ளிச் சாப்பிடப் பழக்கினேன். "ஒண்ணுக்கு வருதுங்க டீச்சர்" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தேன். அதை அவள் நாள் முழுக்க எல்லாரிடமும், கோழியிடமும்கூட, சொல்லிக்கொண்டு திரிந்தாள். பால் மட்டும்தான் பாக்கி.

கீழே சேலத்துப் பக்கம் என்றால் வேப்பிலையை அரைத்துத் தடவுவார்கள். எங்கள் குளிருக்கு வேப்பமரம் ஏது? கசப்புதானே வேண்டும் என்று நானே ஒரு யோசனை செய்தேன். காப்பித்தூளைச் சர்க்கரை இல்லாமல் தண்ணீரில் குழைத்துத் தடவிக்கொண்டேன். வாயை வைத்தாள். நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சப்புக்கொட்டிக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தாள். காப்பி மூட்டைகளுக்கு நடுவே தவழ்ந்த பிள்ளைக்குக் காப்பி கசக்குமா? என் புத்தியை என்ன சொல்ல! மறுநாள் "காப்பிப் பாலு வேணும்" என்று ஒரே அடம்.

அவள் அப்பா எஸ்டேட் லாரி ஓட்டினார். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏம்புள்ள, நாளைக்குக் கொஞ்சம் சக்கரையும் போட்டுக் குடு."

"சிரிச்சது போதுமுங்க. நாளைக்கு லோடு எறக்கப் போறப்ப கீழ குப்பனூர்ல நிறுத்தி வேப்பந்தழை ஒடிச்சுட்டு வாங்க."

ஒரு கட்டே கொண்டுவந்தார். அரைத்துத் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் ஆசையாக ஓடிவந்து வாயை வைத்தாள். முகம் அப்படியே சுருங்கிப்போனது. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. நாக்கை நீட்டியபடி, நான் அடித்துவிட்டதைப் போல என்னையே பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை. "அம்மாவுக்குப் புண்ணு சாமி. மருந்து போட்டிருக்குது" என்று பொய் சொன்னேன்.

"நொம்ப வலிக்குதாம்மா?"

"ஆமாங் கண்ணு."

நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. மூன்று மணிக்குப் பக்கத்தில் வருவாள், நிற்பாள், போய்த் தரையில் சுருண்டு படுத்துக்கொள்வாள். எனக்கோ பால் கட்டிக்கொண்டு உயிர் போகிற வலி. சொன்ன பொய் பாதி நிஜமாகிவிட்டது. இன்றைக்கும் மத்தியானம் மூன்று மணியானால் என் கழுத்தைச் சுற்றி அந்தச் சின்னக் கைகள் இல்லாதது எனக்குத் தெரியும். அவள் கல்யாணமாகி எங்கோ தொலைவில் நன்றாகத்தான் இருக்கிறாள், இருந்தாலும் தேடுகிறது.

பால்வாடிக்குப் போன முதல் நாள் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் டீச்சரம்மா, "அழுவவே இல்லீங்க. மத்தியானம் தானாப் படுத்துத் தூங்கிருச்சு. நல்லாப் பழக்கியிருக்கறீங்க" என்றார். அந்தப் பாராட்டைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தடவையாவது அழுதிருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். பத்து நாள் பட்ட பாடெல்லாம் வீணாகப் போகும் என்று தெரியும். போகட்டும். நாளைக்கு டீச்சரம்மா திட்டினால் திட்டட்டும். பாயில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன்.

"வா சாமி. இப்பக் கசக்காது. குடிச்சுக்க."

அவள் வந்தாள். குனிந்து உற்றுப் பார்த்தாள். பிறகு கன்னத்தை உப்பிக்கொண்டு, உஃப் உஃப் என்று இரண்டு தடவை ஊதினாள்.

"ஆறிப்போயிரும்மா" என்றாள். என் முந்தானையை இழுத்து நன்றாக மூடிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு விளையாட ஓடிப்போனாள்.