அக்காவின் மஞ்சள் எழுத்துகள்

அக்காவுக்குக் காது கேட்காமல் போய் ஆறு வருடம் ஆகிறது. டிவி பார்த்து நாங்கள் சிரித்தால், "என்னடா சொன்னாங்க?" என்பாள். "அப்புறம்" என்று கையைக் காட்டிவிடுவேன். பிறகு சொன்னதே இல்லை.

இப்போது போனில் சப்டைட்டிலோடு பார்க்கிறாள். தானே நோண்டி நோண்டி, கருப்புப் பட்டையில் பெரிய மஞ்சள் எழுத்தாக மாற்றிவிட்டாள். தக்காளித் தோட்டத்து வெயிலிலும் பளிச்சென்று தெரியும். எனக்கு அந்தப் பொறுமை சுட்டுப்போட்டாலும் வராது.

போன வாரம் பாலக்கோடு பஸ்ஸில் அவள் காமெடி வீடியோ பார்த்துக்கொண்டு வந்தாள். இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியையும் மறந்திருந்ததால் எழுத்தும் தெரியவில்லை. என்ன சொல்கிறார்கள் என்று சைகையில் கேட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும் குரலில் ஒரு வரி விடாமல் படித்தாள். அடைப்புக்குறிக்குள் (சிரிப்பொலி) என்று இருந்ததையும் விடவில்லை.

"இங்க எல்லாரும் சிரிக்கறாங்கடா" என்றாள்.