கேட்டால் சொல்லிவிடும் குருசாமி

குருசாமிக்கு ஒரு வியாதி உண்டு. கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. வண்டிப்பெரியாரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, பக்கத்திலிருப்பவர் போனில் யாரையோ "எங்க இருக்கே?" என்று கேட்டால், இவர் திரும்பி, "பெட்ரோல் பங்குக்கு எதுத்தாப்புல" என்பார்.

ஊருக்கு மேலே மூடிக்கிடந்த தேயிலை ஃபேக்டரி ஒன்றை அறிவியல் அருங்காட்சியகம் ஆக்கியபோது அவர் அங்கே வாட்ச்மேன் ஆனார். அங்கே வருகிறவர்கள் அறிவியலைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. பாத்ரூம் எங்கே என்றுதான் கேட்பார்கள். அது பின்பக்கத்தில் ஒளிந்திருந்தது. குரங்குகள் புகுந்து குழாயைத் திறந்துவிடுவதால் பூட்டிவைத்து, சாவியைக் குருசாமி சட்டைப்பையில் வைத்திருந்தார்.

இந்த வருஷம் அவர் மனைவி சுருளியம்மாளுக்கு எஸ்டேட்டில் ரிட்டயர்மென்ட். அவள் தேயிலைக் கொழுந்து கிள்ளும்வரைதான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு. அருங்காட்சியகத்தில் விளக்கம் சொல்லும் வேலை ஒன்று காலியாக இருந்தது, அதற்குக் குவார்ட்டர்ஸ் உண்டு. அந்த வேலையைக் கேட்டிருந்தவர் குருசாமி மட்டும்தான். ஆனாலும் ஊழியர் பயிற்சி முகாமில் தேறினால்தான் தருவார்களாம்.

முகாம் நடத்த நகரத்திலிருந்து சிஜு சார் வந்தார். "யார் எது கேட்டாலும் பதில் சொல்லாதீங்க, அவங்களே யோசிச்சுக் கண்டுபிடிக்கட்டும்," என்றார். "'நீங்க என்ன நினைக்கிறீங்க?'ன்னு திருப்பிக் கேளுங்க. சிரிச்ச முகமா காத்திருங்க. நாளைக்கு நானே பார்வையாளரா வந்து திடீர்னு கேட்பேன். பதில் சொன்னவர் ஃபெயில்."

மறுநாள் காலையில் சுருளியம்மாள், "இன்னைக்கு ஒரு நாளாச்சும் வாயை மூடிக்கிட்டு இருங்க. நமக்கு வீடு வேணும்," என்றாள்.

மழை கொட்டியது. குளிருக்குப் பால் விடாத கட்டன்சாயாவாகக் குடித்துத் தள்ளிய சிஜு சார், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி வந்து, டிக்கெட் கொடுக்கும் மோனிஷாவிடம் பாத்ரூம் எங்கே என்று கேட்டார்.

மோனிஷா சிரித்த முகமாக, "நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?" என்றாள்.

எலக்ட்ரீஷியன் மாரீஸ்வரனிடம் ஓடினார். "பாத்ரூம்னதும் மனசுல என்ன தோணுது சார்?" என்றார் மாரீஸ்வரன்.

"இது பரீட்சை இல்லப்பா."

பரீட்சை என்றால் இப்படித்தானே சொல்வார் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். அவர் காலைப் பின்னிக்கொண்டு நெளிந்தபோது, என்ன நடிப்பு என்று கைதட்டினார்கள்.

கடைசியில் வாசலில் நின்ற குருசாமியிடம் வந்தார். குருசாமி வீட்டை நினைத்துப் பல்லைக் கடித்தார். "நீங்க என்ன" என்பதுவரை வந்துவிட்டது. சிஜு சாரின் கண்ணில் தண்ணீர் நின்றது. "வாங்க சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டு மழையில் ஓடினார்.

சாயங்காலம் எல்லோரும் பாஸ், குருசாமி ஃபெயில். "உங்களைச் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன்," என்றார் சிஜு சார், உண்மையாகவே கைகூப்பி. "ஆனா நீங்க பதில் சொல்லிட்டீங்க."

ரோடு இரண்டாகப் பிரியும் இடத்தில், கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த சுருளியம்மாளிடம் குருசாமி நடந்ததைச் சொன்னார். அவள் திட்டவில்லை. கூடையை இறக்கிவைத்துவிட்டு மதகுத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்த குருசாமிக்கு, இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் பதில் சொல்லி என்ன கண்டோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

அப்போது பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கார் வந்து நின்றது. சிஜு சார் தலையை நீட்டினார்.

"குருசாமி, வண்டிப்பெரியாருக்கு எந்த வழி?"

இடதுபக்கம் போனால் வண்டிப்பெரியார். வலதுபக்கம் மலையேறி, பம்ப் ஹவுஸோடு முடிந்துவிடும்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?" என்றார் குருசாமி. சிரிக்கவில்லை.

சிஜு சாரின் முகம் மலர்ந்தது. காரைவிட்டு இறங்கி வந்து கட்டிக்கொண்டார். "இதுதான், இதைத்தான் நான் சொன்னேன்," என்று பானெட்டின் மேல் ரிசல்ட் தாளை வைத்து ஃபெயிலை அடித்து பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை உங்களுக்குத்தான் என்றார். பிறகு காரில் ஏறி, இரண்டு ரோட்டையும் பார்த்துத் தானே நன்றாக யோசித்து, வலதுபக்கம் திருப்பினார்.

குருசாமி கத்துவதற்கு வாயைத் திறந்தார். சுருளியம்மாள் பாய்ந்து எழுந்து பொத்தினாள். காரின் சிவப்பு விளக்கு பனியில் மறையும்வரை அவள் கையை எடுக்கவேயில்லை.