பத்தாவது ஊசி

நர்சிங் உதவியாளர் வேலை என்பது, அடுத்தவர் உடம்பில் அனுமதி கேட்டுக் கை வைக்கும் வேலை. அந்த அனுமதியை வாங்குவதற்குள்தான் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அதற்கு முன்னால் நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் பெண்கள் கழிப்பறைக்குப் போகச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். இரண்டாவது, அதை எதிர்த்துத் துண்டறிக்கை எழுதிய என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மூன்றாவது, முப்பத்தைந்து வயதில் சுங்குவார்சத்திரத்து நர்சிங் ஹோம் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மூன்றாவது நானே எனக்குச் செய்துகொண்டது.

பத்து ஊசி போட்டு, பத்துக்கும் பயிற்சி தரும் ஸ்டெல்லா சிஸ்டரிடம் கையெழுத்து வாங்கினால்தான் சான்றிதழ். இல்லாவிட்டால் இன்னொரு ஆறு மாதம். நடுவயதில் பாடப் புத்தகம் தூக்கிய தோழர்களுக்கு அந்த ஆறு மாதத்தின் நீளம் தெரியும்.

சாத்துக்குடிப் போராட்டம்

முதலில் சாத்துக்குடியில் குத்திப் பழக வேண்டும். பத்துப் பேருக்கு ஒரே பழம். விடுவேனா? ஆளுக்கொரு பழம் கேட்டு மனு எழுதி, அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். மறுநாளே பத்துப் பழம் வந்தது. வெற்றி உரைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனால் மேசை மேல் வெறும் தோல். தென்காசிப் பெண் முத்துமாரி வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "யக்கா, நீங்க போராடி வாங்குன பழத்த நாங்க உரிச்சுத் தின்னுட்டோம். அடுத்த மனுவுல மாம்பழம்னு எழுதுங்களேன்."

ஏழுமலை

ஊசிக்கு முன்னால் மருந்துச் சீட்டிலுள்ள பெயரைச் சத்தமாகப் படிக்க வேண்டும். நோயாளி "ஆமாம்" சொன்ன பிறகே ஊசி. என் தொண்டையோ தொழிற்சாலை கேட் கூட்டங்களில் முழங்கிப் பழகியது. "ஏழுமலை" என்று ஒருமுறைதான் படித்தேன். கட்டிலில் கிடந்த ஏழுமலை எழுந்து உட்கார்ந்தார். எதிர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து இன்னொரு ஏழுமலை, பேசிக்கொண்டிருந்த போனை வைத்துவிட்டு ஓடிவந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார். உங்களுக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லக்கா. நீ கூப்ட தினுசுல இன்னாமோ இருக்கும்னு வந்துட்டேன். போட்டுக்கினே போயிடட்டா?"

பத்தாவது

ஒன்பது கையெழுத்து ஆகிவிட்டது. கடைசி நாள். இடுப்பு ஊசிக்காகக் குப்புறப் படுத்திருந்தவர் தலையைத் திருப்பினார். என்னை வேலையை விட்டு நிறுத்திய தொழிற்சாலை பர்சனல் ஆபீசர். வேறு யாரையாவது போடச் சொல்லும்படி சிஸ்டரிடம் முனகினார். முத்துமாரியைத் தவிர எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள், அவளுக்கு இன்று தட்டு ஏந்தும் முறை மட்டும்தான் என்றார் சிஸ்டர். ஆபீசர் மாட்டேன் என்றால் எனக்கு ஆறு மாதம் போச்சு.

சிஸ்டரும், ஊசித் தட்டு ஏந்திய முத்துமாரியும், பக்கத்துக் கட்டில் பாட்டியும் சாட்சியாக, விதிப்படி படித்தேன்: "த. பரசுராமன். கழிப்பறைச் சீட்டு உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்." சிஸ்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார், பின்பக்கமும் பார்த்தார். நான் ஸ்பிரிட் பஞ்சை வைத்தேன். தலையணைக்குள்ளிருந்து பதில் வந்தது: "ஆமாம்மா, ஆமா, நான்தான். மெதுவா போடு."

"இது நீங்கள் போட்ட கையெழுத்துதானே" என்று அன்று அறுபது பேர் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கேட்டும் வராத "ஆமாம்", ஒரு துண்டு ஈரப் பஞ்சுக்கு இரண்டாக வந்து, எனக்குச் சான்றிதழும் வாங்கிக் கொடுத்தது.